தத்துக் குழந்தையும் பிறந்த ஊரும்: வெளிநாட்டுத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியாவிலிருந்து குழந்தையைத் தத்தெடுத்த தமிழ்க் குடும்பங்கள் சிலர் அவ்வப்போது கூடிப் பேசுவோம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். என் மகள் பிறந்தது ஒடிசாவில். அதனால் உதாரணங்கள் அந்தப் பக்கமே சாயும். உங்கள் குழந்தை ஜார்க்கண்டோ மகாராஷ்டிரமோ, அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். சட்டம் பற்றிச் சொல்பவை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தையும் 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளையும் ஒட்டியவை.

நாங்களும் இந்தியர்கள், குழந்தையும் இந்தியக் குழந்தை. வருஷா வருஷம் மதுரைக்குக் கூட்டிப்போகிறோம். அது போதாதா?

போதாது. மதுரை அவளுக்குத் தாத்தா பாட்டி ஊர். அன்பான ஊர்தான், ஆனால் அவள் பிறந்த ஊர் இல்லை. தத்து விண்ணப்பங்கள் எல்லாம் மத்திய தத்து வள ஆணையமான காரா வழியாகப் போவதால், எந்த மாநிலத்துக் குழந்தையும் எந்தக் குடும்பத்துக்கும் வரலாம். ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்துக்கும் மதுரைக்கும் இடையில் மொழி, சோறு, திருவிழா, தெருவில் விளையாடும் விளையாட்டு வரை எல்லாம் வேறு.

இதில் நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று இந்தியக் குழந்தையை வளர்த்தால், பார்க்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அவர்கள் அதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். நம் வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. கல்யாண வீட்டில் யாராவது "அம்மா மூக்கை அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்பார்கள்; நாமும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். பொங்கல், கோலம், தமிழ்ப் பள்ளி எல்லாம் இருப்பதால் குழந்தை வேரோடு ஒட்டித்தான் இருக்கிறாள் என்று நமக்கே ஒரு நினைப்பு வந்துவிடும். அந்த வேர் நம்முடையது.

எத்தனை வயசில் சொல்ல ஆரம்பிக்கணும்?

"சொல்லும் நாள்" என்று ஒன்று இருக்கவே கூடாது. பேச்சு வராத வயதிலேயே தூங்க வைக்கும்போது கதையாகச் சொல்லிவிடுங்கள்: நீ ஒடிசாவில் பிறந்தாய், இல்லத்தில் மௌசி உன்னைப் பார்த்துக்கொண்டார், அப்புறம் நாங்கள் வந்து கூட்டிவந்தோம். (அங்கே இல்லத்து ஆயாக்களை மௌசி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவார்கள்.) தத்து என்ற விஷயமும் ஊர்ப் பெயரும் சேர்ந்தே காதில் விழட்டும். ஆறு, ஏழு வயதில் "நான் யார் வயித்துல இருந்தேன்?" என்று கேட்கும்போது நீங்கள் புதிதாக எதையும் போட்டு உடைக்க வேண்டியிருக்காது.

ஐந்து, ஆறு வயதில் வந்த குழந்தை என்றால் நிலைமை தலைகீழ். அவளே உங்களுக்குச் சொல்வாள்: கிணறு இருந்தது, ஆடு இருந்தது, ஒரு அண்ணன் இருந்தான். திருத்தாமல், கேள்விமேல் கேள்வி கேட்காமல், அவள் சொன்ன வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதிவையுங்கள். பழைய மொழி மங்க மங்க இந்த நினைவுகளும் கரைந்துபோகும். பிற்காலத்தில் எந்த அரசுக் கோப்பிலும் கிடைக்காத தகவல் இது.

மாமனார் மாமியாருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "நம்ம பிள்ளைதானே, ஏன் பழசைக் கிளறுறீங்க" என்கிறார்கள்.

பெரும்பாலும் அது பயம். ஊரைப் பற்றிப் பேசப் பேச, பேத்தி ஒருநாள் அங்கேயே போய்விடுவாளோ என்ற பயம். வாதம் செய்து ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. பாட்டிக்கு ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். அடுத்த பதிலில் வரும் பலகாரத்துக்கு மாவு அரைக்கச் சொன்னால் எங்கள் வீட்டில் நடந்ததுபோல நிலைமை இளகலாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "அவங்க தூக்கிப் போட்டுட்டாங்க" என்று குழந்தை காதுபட யாரும் சொல்லக் கூடாது. "நாங்க எடுத்து வளர்க்கலேன்னா உன் கதி என்ன" என்பதும் கூடாது, விளையாட்டுக்குக்கூட.

எங்களுக்கு ஒடியாவில் ஒரு எழுத்து தெரியாது. வீட்டில் என்னதான் செய்வது?

சமையலறையில் தொடங்குங்கள். ஒடிசாவின் பகாள என்பது சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பது, நம் பழைய சோறுதான். தொட்டுக்கொள்ள மட்டும் பொரித்த மீன், கீரை, உருளைக்கிழங்கு மசியல், வடகத்தை நொறுக்கிய பொடி. மார்ச் 20-ஐ பகாள தினமாக உலகெங்கும் இருக்கும் ஒடியாக்கள் கொண்டாடுகிறார்கள். பருப்போடு காய்கறி சேர்த்து வேகவைக்கும் தால்மா நம் வீட்டுக் கூட்டுக்கு ரொம்பத் தூரமில்லை. முதல்முறை செய்தபோது என் அம்மா ருசி பார்த்துவிட்டு "இதுக்கா இவ்வளவு அலட்டிக்கிட்டே" என்றார்.

பண்டிகைகளில் நான் முதலில் சொல்வது ரஜ. ஜூன் நடுவில் மூன்று நாள். மழைக்கு முன் பூமித்தாய்க்கு மாதவிலக்கு என்று நம்பி உழவை நிறுத்திவைப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு வேலை கிடையாது. புதுத்துணி, காலில் அல்தா என்ற சிவப்புச் சாயம், மரத்தில் ஊஞ்சல். அரிசி, உளுந்து, வெல்லம், தேங்காய் சேர்த்து மெல்லிய சூட்டில் நேரமெடுத்துச் சுடும் போட பிட்டா அன்றைய பலகாரம். மாதவிலக்குக்கு ஒதுக்கி உட்காரவைத்த வீடுகளில் வளர்ந்த நமக்கு, பெண் குழந்தையை வளர்க்கும்போது இப்படி ஒரு பண்டிகை கிடைப்பது கொஞ்சம் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். கார்த்திகைப் பௌர்ணமி அன்று விடியுமுன் வாழைப்பட்டையில் சின்னப் படகு செய்து விளக்கேற்றி நீரில் விடுவார்கள், கடல் கடந்து வாணிபம் போன கலிங்க வணிகர்களின் நினைவாக. வாளித் தண்ணீரில் விட்டால்கூடப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஆனால் வருஷத்துக்கு ஒரு பண்டிகையோடு நிறுத்தினால் அது மாறுவேடப் போட்டி மாதிரி ஆகிவிடும். உயிருள்ள மனிதர்கள் வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒடிசா சொசைட்டி ஆஃப் தி அமெரிக்காஸ் இருக்கிறது. மற்ற நாடுகளிலும் ஒடியாக் குடும்பங்களைத் தேடினால் கிடைப்பார்கள். அங்கே போய்க் குழந்தையின் தத்துக் கதையை அறிமுகமாகச் சொல்ல வேண்டியதில்லை. "இவள் ஒடிசாவில் பிறந்தவள்" போதும். மிச்சம் அவள் விருப்பம்.

இன்னொன்று. ஒடிசாவில் பிறந்தால் ஒடியாதான் என்று முடிவு கட்டாதீர்கள். அந்த மாநிலத்தில் 62 பழங்குடிச் சமூகங்கள் இருக்கின்றன. உங்கள் குழந்தை முதலில் கேட்டது சந்தாலியாகவோ குயியாகவோ இருக்கலாம். அது தெரியாதபோது மாநிலத்தை, மாவட்டத்தை மட்டும் சொல்லுங்கள்; அவளுக்கு ஒரு இனத்தை நாமாகச் சூட்ட வேண்டாம்.

தமிழே தடுமாறுது. இதில் இன்னொரு மொழியும் சொல்லிக்கொடுக்கணுமா?

கட்டாயமில்லை. தத்துப் போன குழந்தைகள் முதல் மொழியை வேகமாக இழந்துவிடுகிறார்கள்; சில மாதங்களிலேயே பேச்சு நின்றுவிடுவதுண்டு. ஆனால் தடம் முழுக்க அழிவதில்லை. சுமார் ஒரு வயதில் சீனாவிலிருந்து பிரெஞ்சு பேசும் குடும்பங்களுக்கு வந்த பெண் பிள்ளைகளிடம் மாண்ட்ரியாலில் செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. சீன மொழியில் அவர்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் சீன ஒலிகளைக் கேட்டபோது அவர்கள் மூளை, சீனம் பேசுகிறவர்களின் மூளை போலவே இயங்கியது.

அதனால் காதில் விழுந்தால் போதும். பாட்டு, எண்கள், வணக்கம் சொல்வது. வளர்ந்தபின் அவளாக வகுப்புக்குப் போனால் நல்லது.

இல்லத்தில் வைத்த பெயரை மாற்றலாமா?

மாற்றலாம், அழிக்காதீர்கள். நடுப்பெயராக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்கு மேல் வந்த குழந்தை என்றால், பழைய பெயரையே முதல் பெயராக விடுவதுதான் என் கட்சி. அந்தப் பெயரைக் கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்க்கிறாள்.

பிறந்த தேதி உண்மைதானா? ஜாதகம் எழுத முடியவில்லை, கோயிலில் நட்சத்திரம் கேட்கிறார்கள்.

மருத்துவமனையில் பிறந்து, பெற்றவர் ஒப்படைத்த குழந்தை என்றால் தேதி சரியாகவே இருக்கும். கண்டெடுத்த குழந்தை என்றால் மருத்துவர் வயதைக் கணித்து, அதை வைத்துத் தேதி குறித்திருப்பார்கள். சில நாள் முதல் பல மாதம் வரை வித்தியாசம் இருக்கலாம். இதைக் குழந்தையிடம் மறைக்க வேண்டாம். "இந்த நாள் டாக்டர் கணக்குப் போட்டுச் சொன்னது" என்றால் ஏற்றுக்கொள்வார்கள்.

கோயிலில் "சாமி பேருக்கே அர்ச்சனை" என்று சொன்னால் குருக்கள் மேலே கேட்கமாட்டார். பெயரின் முதலெழுத்தை வைத்து நட்சத்திரம் வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஜாதகம் இல்லாமல் கல்யாணம் எப்படி என்று எட்டு வயதுப் பிள்ளைக்காக இப்போதே கவலைப்படுகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

எந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்தணும்? தத்து உத்தரவும் பாஸ்போர்ட்டும் இருக்கிறதே.

அவை உங்களுக்கு வேண்டிய காகிதங்கள். குழந்தைக்கு வேண்டியவை வேறு. குழந்தை ஆய்வு அறிக்கை (அவள் பின்னணியைச் சொல்வது), மருத்துவப் பரிசோதனை அறிக்கை, அவள் தத்துக்குச் சட்டப்படி தகுதியானவள் என்று குழந்தைகள் நலக் குழு கொடுத்த உத்தரவு, இல்லத்தில் சேர்த்த தேதி, சேர்த்தவர் யார், அன்று எடுத்த படம். கண்டெடுத்த குழந்தை என்றால், உரிமை கோருபவர் இருந்தால் வரட்டும் என்று படத்தோடு நாளிதழில் அறிவிப்பு கொடுப்பது நடைமுறை. பல பெற்றோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்தப் பத்திரிகைத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். சில குழந்தைகளுக்கு அதுதான் முதல் புகைப்படம்.

குழந்தை எப்படித் தத்துக்கு வந்தாள் என்பதையும் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றவரே குழந்தைகள் நலக் குழு முன் ஒப்படைத்திருந்தால், மனம் மாறினால் திரும்பப் பெற அவருக்கு இரண்டு மாத அவகாசம் இருந்திருக்கும். அவர் யார் என்ற பதிவும் எங்கோ இருக்கும். கண்டெடுத்த குழந்தை என்றால், இரண்டு வயதுக்குட்பட்டவருக்கு இரண்டு மாதமும் அதற்கு மேற்பட்டவருக்கு நான்கு மாதமும் குடும்பத்தைத் தேடுவார்கள். பெற்றவர் பெயர் எங்கும் இருக்காது. பின்னால் வரும் தேடல் கேள்விக்கெல்லாம் இந்த வித்தியாசம்தான் அடிப்படை.

அதோடு, காகிதத்தில் "பிறந்த இடம்" என்று இருப்பது பல நேரம் இல்லம் இருக்கும் நகரமாக இருக்கும். குழந்தை உண்மையில் வந்தது நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு வட்டார மருத்துவமனையிலிருந்தாக இருக்கலாம். ஆய்வு அறிக்கையை வரி விடாமல் படியுங்கள். இல்லம் மூடிவிட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் மாநிலத் தத்து வள முகமைக்கும் எழுதிக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

முதல் பயணம் எப்போது போகலாம்?

குழந்தை கேட்கும்போது. கேட்காவிட்டால் எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் ஒருமுறை பேச்செடுத்துப் பாருங்கள். அதற்கு முன் போனால் "என்னை இங்கே விட்டுவிடப் போகிறார்களா?" என்ற பயம் சில குழந்தைகளுக்கு வருகிறது. பதின்மூன்று, பதினான்கில் போனால் ஏற்கெனவே கொதிக்கிற வயது. திரும்பி வரும் டிக்கெட்டில் அவள் பெயரைக் காட்டுங்கள். கேலியில்லை, இது வேலை செய்கிறது.

முதல் பயணத்திலேயே இல்லம் வரை போக வேண்டியதில்லை. புவனேஸ்வர், பூரி, சிலிகா ஏரி என்று சாதாரணச் சுற்றுலாவாகப் போகலாம். சென்னையிலிருந்து ரயிலில் ஏறத்தாழ 20 மணி நேரம். ஊர் மாறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போவது விமானத்தைவிட நல்லது என்பேன். வெளிநாட்டுக் கோடை விடுமுறையில் போனால் வெயிலும் மழையும் வாட்டும், ஆனால் ரஜ அல்லது தேர்த் திருவிழா கிடைக்கலாம். டிசம்பர் உடம்புக்குச் சுகம். மதுரைப் பயணத்தின் நடுவில் மூன்று நாள் திணித்து முடித்துவிடாதீர்கள். அது அவள் பயணமாக இருக்கட்டும்.

விசா, ஓசிஐ விஷயம்?

குழந்தை வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை வாங்குங்கள். தத்து உத்தரவின் நகல் கேட்பார்கள். நீங்கள் இன்னும் இந்தியக் குடிமக்களாக இருந்து, குழந்தையும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இல்லத்துக்குப் போகலாமா? என்ன கொண்டுபோகணும்?

முன்கூட்டி எழுதி அனுமதி வாங்கிப் போங்கள். அங்கே இப்போது இருக்கும் குழந்தைகளைப் படமெடுக்காதீர்கள். அவர்கள் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது; அது இல்லாவிட்டாலும் அவர்கள் காட்சிப் பொருளில்லை. உங்கள் மகள் கையால் சாக்லேட் கொடுக்கச் சொல்லி வரிசையில் நிறுத்துவது வேண்டவே வேண்டாம். நேற்று அந்த வரிசையில் நின்றவள் அவள். பொருளாக ஏதாவது தர வேண்டுமானால், என்ன தேவை என்று கேட்டு, குழந்தைகள் பார்க்காதபடி அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

உண்மையில் தேட வேண்டியது பழைய மௌசிகளை. மேலாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆயாக்கள் பல வருஷம் இருப்பார்கள். குழந்தையின் அந்தக் காலத்துப் படத்தைக் கொண்டுபோங்கள். "இவளா! ராத்திரியெல்லாம் தூங்கவிடமாட்டாளே" என்று ஒரு வரி யாராவது சொன்னால், கோப்பில் இருக்கும் எடை, உயரக் கணக்கைவிடக் குழந்தைக்கு அது பெரிசு. மொழிபெயர்க்க உள்ளூர் ஆள் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்; எல்லாம் முடிந்தபின் சாயங்காலத்துக்கு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள்.

மகன் "எனக்கு அந்த ஊரே வேண்டாம்" என்கிறான். விட்டுவிடலாமா?

விடுங்கள். ஆனால் பண்டிகையையும் பேச்சையும் நிறுத்த வேண்டாம், அவன் காகிதங்களும் படங்களும் இருக்கும் பெட்டியையும் பரணில் போட வேண்டாம். பத்து வயதில் மறுத்தவர்கள் இருபத்தைந்தில் கேட்பதும் உண்டு, கடைசிவரை கேட்காமலே நிம்மதியாக இருப்பதும் உண்டு. உங்கள் ஆர்வம் அவனுக்குக் கடமையாகிவிடக் கூடாது.

போய்வந்த பிறகு அவள் எரிந்துவிழுகிறாள். கூட்டிப்போனதே தப்போ?

தப்பில்லை. அதுவரை வரைபடத்தில் இருந்த ஊர் இப்போது வாசனையும் முகங்களுமாக ஆகிவிட்டது. "நான் அங்கே இருந்திருந்தால் இப்போது என்ன செய்துகொண்டிருப்பேன்?" என்ற கேள்வி உள்ளே ஓடும். உங்கள் வசதியான வீடே அவளுக்கு உறுத்தலாம். இந்தக் கோபம் சில வாரம் கழித்துத் திடீரென்று வருவதும் சகஜம். "அங்கே பார்த்ததில் எது திரும்பத் திரும்ப ஞாபகம் வருது?" என்று ஒரு கேள்வி போதும். தூக்கமும் பள்ளியும் இரண்டு மூன்று மாதம் ஆகியும் சரியாகவில்லை என்றால் தத்து விஷயம் தெரிந்த உளவியல் ஆலோசகரிடம் போங்கள்.

கோப்பில் "பேருந்து நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டது" என்று இருக்கிறது. இதைப் போய் எப்படிச் சொல்வது?

இருப்பதை மட்டும் சொல்லுங்கள். "நீ குட்டிப் பாப்பாவாக ஒரு பேருந்து நிலையத்தில் இருந்தாய். ஒருவர் பார்த்து எடுத்துக்கொண்டு போனார். உன்னை அங்கே வைத்தது யார், ஏன் என்று யாருக்கும் தெரியாது." அவ்வளவுதான் உண்மை. பத்து வயதுக்குள் முழுதும் சொல்லிவிடுவது நல்லது. வளர்ந்தபின் அவளே கோப்பைப் பிரித்துப் படிப்பதைவிட உங்கள் மடியில் கேட்பது மேல்.

நாம் எல்லோரும் செய்ய ஆசைப்படுவது, இடைவெளியில் ஒரு கதையை ஒட்டுவது. "உன் அம்மா ஏழை, உன்மேல் இருந்த அன்பால்தான் கொடுத்துவிட்டாள்." தெரியாத ஒன்றைச் சொல்கிறோம் என்பது ஒரு பக்கம். அன்பு இருந்தால் கொடுத்துவிடுவார்கள் என்று குழந்தை புரிந்துகொண்டால், நீங்கள் "கண்ணம்மா, உன்மேல உசுரு" என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கு என்ன தோன்றும்?

சாதி என்ன என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்.

சொந்தக்காரர்களுக்காக என்றால் தேட வேண்டாம். சட்டப்படி அவள் உங்கள் பிள்ளை. அதோடு பேச்சு முடிந்தது. பழங்குடிக் குடும்பத்தில் பிறந்ததாகக் கோப்பிலேயே தெளிவாக இருந்தால், அது அவளுடைய வரலாறு, அவளிடம் மட்டும் சொல்ல வேண்டியது. பெரியப்பாவிடம் அல்ல.

பெற்ற தாயைத் தேடலாமா? சட்டம் விடுமா?

விடும், ஒரு எல்லைக்குள். 18 வயது ஆனவர் காராவிடம் இணையவழியாகத் தானே விண்ணப்பிக்கலாம். 18-க்குக் கீழே என்றால் பெற்றோரோடு சேர்ந்துதான். காரா அந்தத் தத்து நிறுவனத்தையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் தொடர்புகொள்ளும். ஒப்படைத்தபோது தாய் தன் பெயரை வெளியிடக் கூடாது என்று கேட்டிருந்தால், இப்போது அவர் சம்மதம் வேண்டும். அவர் மறுத்தாலோ ஆள் கிடைக்காவிட்டாலோ, எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தார் என்பதைச் சொல்வார்கள். தத்துக் குழந்தையின் உரிமை, பெற்றவரின் அந்தரங்க உரிமையை மீறக் கூடாது என்று ஒழுங்குமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. கண்டெடுத்த குழந்தை என்றால், காகிதக் கேள்வியில் சொன்னதுபோல, யார் எங்கே கொண்டுவந்து சேர்த்தார் என்பதோடு தடம் நின்றுவிடலாம்.

என் கருத்தைக் கேட்டால், 18 வரை பொறுங்கள். ஊரோடு உறவு வேறு, ஆளைத் தேடுவது வேறு. முன்னதை நாம் தொடங்கி வைக்கலாம். பின்னதை அவள்தான் தொடங்க வேண்டும்.

ஒரு ஆளை வைத்துக் கிராமத்தில் விசாரித்தால் சீக்கிரம் முடியும் என்கிறார்கள். பேஸ்புக்கில் படம் போடலாமா?

மூன்றாம் ஆள் வழியாகத் தேடுவதை ஒழுங்குமுறைகள் அனுமதிக்கவில்லை. அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் பெற்று, யாருக்கும் தெரியாமல் ஒப்படைத்துவிட்டு, இன்று வேறு குடும்பத்தோடு வாழும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். டீக்கடையில் ஒருவன் படத்தைக் காட்டி விசாரித்த அன்றைக்கே அவள் வாழ்க்கை கவிழ்ந்துவிடும். பேஸ்புக்கில் போட்டால் அதேதான், கூடவே உங்கள் குழந்தையின் கதை ஊர்ச் சொத்தாகிவிடும்.

டிஎன்ஏ சோதனை?

இந்தியாவில் இந்த வகைச் சோதனை செய்துகொண்டவர்கள் குறைவு என்பதால், பெரும்பாலும் கிடைப்பது தூரத்து உறவுகள், அதுவும் வெளிநாட்டில் இருப்பவர்கள். கொடுத்த டிஎன்ஏ தகவல் நிறுவனத்தின் கையில் தங்கிவிடும். அதனால் சிறு குழந்தைக்கு நீங்களாகச் செய்யாதீர்கள். பெரியவளாகி, தெரிந்து செய்தால் அது அவள் முடிவு.

எங்கள் குழந்தை தமிழ்நாட்டிலேயே பிறந்தவள். எங்களுக்கு இதெல்லாம் சுலபம்தானே?

மொழியும் சாப்பாடும் சுலபம். ரகசியம்தான் கஷ்டம். 1992-இல் சேலத்தில் தொடங்கி, 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கும் விரிந்த தொட்டில் குழந்தைத் திட்டத்தின் வழியாக வந்த குழந்தைகள் பலர் இன்று பெரியவர்கள். அந்தத் திட்டம் பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்தது என்பதை அவர்கள் ஒருநாள் எங்காவது படிப்பார்கள். "அப்போ என்னை?" என்ற கேள்வி வரும். முதலில் உங்களிடமிருந்து கேட்கட்டும். அதே மாவட்டத்தில் உங்கள் சொந்தக்காரர்களும் இருந்தால், ஊர்ப் பெயரை எல்லோரிடமும் சொல்லிவைக்காதீர்கள். வாய்க்கு வாய் போய்ச் சேரும்.

ஆவணமே பொய்யாக இருந்தால்?

நடக்காத விஷயம் இல்லை. 1990-களில் சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் போலிக் காகிதங்களோடு வெளிநாட்டுக்குத் தத்துப் போனது 2005-இல் போலீஸ் விசாரணையில் வெளிவந்தது. பெற்றவர்கள் அதுவரை தேடிக்கொண்டே இருந்தார்கள். இலங்கையிலிருந்து 1980-களில் ஐரோப்பாவுக்குப் போன ஆயிரக்கணக்கான குழந்தைகளில் பலருக்கு, விமானம் ஏறும் முன் வேறு ஒரு பெண்ணைத் தாயாக நடிக்க வைத்தார்கள். நெதர்லாந்து அரசு அமைத்த குழு 2021-இல் கொடுத்த அறிக்கையில், இலங்கை, இந்தோனேசியா, வங்கதேசம் உள்ளிட்ட நாடுகளிலிருந்து நடந்த தத்துகளில் முறைகேடுகள் இருந்ததை உறுதிசெய்தது. ஸ்வீடனில் 2025-இல் ஒரு விசாரணை ஆணையம் வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தச் சொன்னது.

இன்றைய இணையப் பதிவு முறையில் அந்த அளவுக்குச் செய்வது கடினம். ஆனாலும் தேதிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், ஒரே கையெழுத்து வேறு வேறு பெயரில் இருந்தால், குழந்தை சொன்ன நினைவும் கோப்பும் பொருந்தாவிட்டால் (அதற்குத்தான் எழுதிவைக்கச் சொன்னேன்) மூடிவைக்காதீர்கள். காராவுக்கும் உங்கள் நாட்டின் தத்து அமைப்புக்கும் எழுத்தில் கேளுங்கள், பதிலைக் கோப்பில் சேருங்கள். வளர்ந்தபின் அவளுக்குத் தெரியவந்து, "உங்களுக்கு அப்போதே தெரியுமா?" என்று கேட்டால் காட்ட ஒரு கடிதமாவது இருக்க வேண்டும்.

தேடிக் கண்டுபிடித்துவிட்டோம் என்று வையுங்கள். அந்தக் குடும்பம் பண உதவி கேட்டால்?

கேட்கலாம். கேட்பதை வைத்து அவர்களைத் தப்பாக எடைபோடாதீர்கள்; வசதியான உறவினரிடம் உதவி கேட்பது நம் ஊரிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் முதல் சந்திப்பில் பணம் கைமாற வேண்டாம். குழந்தை முன்னிலையில் எப்போதுமே வேண்டாம். ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்று தோன்றினால், தங்கையின் பள்ளிக் கட்டணம், பாட்டியின் மருத்துவச் செலவு என்று ஒரு காரியத்துக்காக, எவ்வளவு என்று முன்பே முடிவுசெய்து, பெரியவர்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மகள் 18 தாண்டியவள் என்றால் அவளைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.